கப்பலுக்குப் போட்ட பாதை

புதுக்கோட்டைக்கு முதல்முறையாக வருகிறவர்கள் அதன் வீதிகளைக் கண்டு சற்று வியப்படைவது வழக்கம். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என்று நான்கும் அரண்மனை இருந்த இடத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்ணையே பெயராகக் கொண்டு அடுத்தடுத்த தெருக்கள் அதே ஒழுங்கோடு விரிகின்றன. 1807 முதல் 1825 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட விஜய ரகுநாதராய தொண்டைமானின் காலத்தில், தஞ்சாவூர் ரெஸிடெண்டாக இருந்த பிளாக்பர்ன் துரையின் யோசனையின் பேரில், கோணலும் நெரிசலுமாக இருந்த பழைய ஊரை இடித்துவிட்டு இந்த நேர் வீதிகளை நிர்மாணித்தார்கள். பின்னர் 1878-இல் சமஸ்தானத்துக்கு வந்து 1894 வரை நிர்வாகம் நடத்திய திவான் சேஷய்ய சாஸ்திரியார், திருவனந்தபுரத்தில் திவானாக இருந்து பெற்ற அனுபவத்தைக் கொண்டு, குளங்களைச் செப்பனிட்டும் பொதுக் கட்டடங்களை எழுப்பியும் ஊரைப் பூரணமாக்கினார். ஆகவே நகர நிர்மாணம் என்னும் காரியத்தில் புதுக்கோட்டை யாருக்கும் பின்தங்கியதன்று. அப்படிப்பட்ட ஊர் தன் ரயில் நிலையத்தை மட்டும் ஏன் ஒரு விருந்தாளியைப் போல் வாசலோடு நிறுத்திவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

இந்நாளில் நகர அபிவிருத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு சித்தாந்தத்தை அடிக்கடி எடுத்துரைக்கிறார்கள். ரயில் நிலையத்தை மையமாக வைத்து, நடந்து போகும் தூரத்துக்குள் வீடும் கடையும் காரியாலயமும் நெருக்கமாக அமையுமானால், ஜனங்கள் சொந்த வாகனத்தை நாடாமல் வண்டியேறி வேலைக்குப் போய் மாலையில் வண்டியேறித் திரும்புவார்கள். சாலை நெரிசல் குறையும். நிலத்தின் மதிப்பு உயரும். உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கு ரயிலுக்கே திரும்பி வரும் என்பது அந்தச் சித்தாந்தம். பெருநகரங்களுக்கு மாத்திரம் அன்றி, நடுத்தரமான ஜில்லாத் தலைநகரங்களுக்கும் இது பொருந்தும் என்கிறார்கள். பொருந்தலாம். ஆயினும் ஓர் ஊரில் ரயில் எப்போது வந்தது, யாருக்காக வந்தது, அது வருவதற்கு முன் அந்த ஊர் எதில் ஏறிப் பழகியிருந்தது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் இதைப் பேசுவதில் பயன் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தொண்டைமான் சமஸ்தானம் 1,178 சதுர மைல் விஸ்தீரணம் கொண்டது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் ஜனத்தொகை 3,80,440. தனக்கென்று அம்மன் காசு அடித்துக்கொண்ட அந்தச் சிறு ராஜ்யத்தைச் சுற்றிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருப்புப் பாதைகள் படர்ந்துவிட்டன. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. 1875-இல் அது திண்டுக்கல் வழியாக மதுரை வரை சென்றது. அதாவது சமஸ்தானத்தின் மேற்கு எல்லைக்கு அப்பாலேயே ஒதுங்கிப் போயிற்று. 1902-இல் மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு ஒரு பாதை போடப்பட்டது. அதுவும் தெற்கே தள்ளியே சென்றது. கிழக்கே நடந்ததோ தனியாகச் சொல்ல வேண்டிய கதை.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் முதன்முதலாக ரயில் வந்த ஊர் அறந்தாங்கி. தலைநகரமாகிய புதுக்கோட்டைக்கு அந்தப் பெருமை இல்லை. அந்நாளில் அறந்தாங்கி சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974-இல் மாவட்டம் அமைந்தபோதுதான் இப்பக்கம் வந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் ஒரு காரியம் செய்தார்கள். கம்பெனி வரட்டும், சர்க்கார் வரட்டும் என்று காத்திராமல், நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு மூன்று பை வீதம் ரயில்வே வரி என்று விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு தாங்களே பாதை போட்டார்கள். மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் 54 மைல் நீளத்துக்கு 1894-இல் வண்டி ஓடிற்று. 1902-இல் பட்டுக்கோட்டையும், 1903-ஆம் ஆண்டின் முடிவில் அறந்தாங்கியும் அந்தப் பாதையோடு இணைந்தன. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதையின் சொந்தக்காரர்கள் ஜில்லா போர்டார். அதாவது வரி கட்டிய மிராசுதாரர்களும் குடியானவர்களும். இன்றைக்கு நிபுணர்கள், ரயிலால் நிலத்துக்கு உண்டாகும் மதிப்பிலிருந்தே ரயிலுக்குப் பொருள் தேடுவது எப்படி என்று மாநாடுகளில் விவாதிக்கிறார்கள். ரூபாய்க்கு மூன்று பை என்று காவேரிப் படுகைக்காரர்கள் அதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள் என்பதை நம்மவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை.

அறந்தாங்கிக்கு வந்த பாதை அங்கேயே நின்றது. அதை மேற்கே காரைக்குடி வரை நீட்டும் காரியம் நாடு விடுதலை பெற்ற பின்னர்தான் கைகூடிற்று. அரை நூற்றாண்டுக் காலம் அறந்தாங்கி ஒரு முனை நிலையமாகவே இருந்தது. முனையில் இருக்கும் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு: வருகிற வண்டிகள் எல்லாம் அங்கே வந்துதான் திரும்ப வேண்டும், காலையில் புறப்படும் வண்டி அந்த ஊராருக்கென்றே புறப்படும். வழியில் இருக்கும் ஊருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சமஸ்தானத்தின் தலைநகரத்துக்கு இனி வருவோம். 1901-இல் 20,347 பேர் வசித்த அந்த ஊரிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, மதுரை, அறந்தாங்கி, பொன்னமராவதி என்று நான்கு திசைகளிலும் சாலைகள் பிரிந்து சென்றன. வண்டிச் சாலைகள்தாம், ஆயினும் நல்ல சாலைகள். இந்தச் சாலைகளின் நலத்தாலேயே, ரயில் வருவதற்கு முன்னதாக மோட்டார் பஸ் வந்துவிட்டது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார் என்று தென்னாட்டு மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. தென்னிந்தியாவில் கால அட்டவணைப்படி ஓடிய முதல் பஸ்களில் அது ஒன்று. பிற்காலத்தில் மதுரையில் பேரும் புகழும் பெற்ற ஒரு பெரிய ஸ்தாபனத்தின் ஆதி முயற்சி, ரயில் இல்லாத ஒரு சமஸ்தானத்தின் செம்மண் சாலையில் தொடங்கியது தற்செயல் அன்று. ரயில் இருந்திருந்தால் அந்தப் பஸ்ஸுக்குப் பிரயாணிகள் ஏது?

பஸ்ஸின் இயல்பு ரயிலின் இயல்புக்கு மாறானது. அது வீதிக்குள்ளேயே வரும். கடை வாசலில் நிற்கும். கை காட்டினால் ஏற்றிக்கொள்ளும். ஆகவே பதினேழு ஆண்டுக் காலம் பஸ்ஸில் ஏறிப் பழகிய ஊருக்கு, வியாபாரமும் சாப்பாட்டுக் கடையும் வக்கீல் வீடும் அது நிற்கும் இடத்தைச் சுற்றியே அமைவது இயற்கை. 1929-இல் ரயில் வந்தபோது ஊரின் முகம் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அந்த ரயிலும் எதற்காக வந்தது? சமஸ்தானத்துப் பிரஜைகள் திருச்சிக்குச் சந்தை பார்க்கவும் கோர்ட்டுக்குப் போகவும் வந்தது என்று எண்ணினால் அது பிசகு. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது முதல், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே சீட்டில் பிரயாணம் செய்வது சாத்தியமாயிற்று. அந்த வண்டியைத்தான் ஜனங்கள் போட் மெயில் என்றார்கள். ஆனால் அது திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய், அங்கிருந்து மானாமதுரைக்குத் திரும்பி, ஒரு பெரிய வளைவு வளைந்துதான் சமுத்திரக் கரையை அடைய வேண்டியிருந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நேரே கோடு கிழித்தால் சுமார் 150 கிலோமீட்டர். வளைவுப் பாதையைக் காட்டிலும் 50 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு வரும் குறுக்குப் பாதையும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான் முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தென்னிந்திய ரயில்வேயாரின் நோக்கம் தெளிவாகும்: சென்னையிலிருந்து கடற்கரைக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாமோ அவ்வளவு சீக்கிரம்.

1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 53 கிலோமீட்டரும், 1930-இல் புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை மிச்சப் பாதையும் திறக்கப்பட்டன. அப்போது சிம்மாசனத்தில் இருந்த ராஜகோபால தொண்டைமான் ஆறு வயதில் பட்டத்துக்கு வந்த பாலகர். கீரனூர், நார்த்தமலை, வெள்ளனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு என்று நிலையங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றின் பெயர்களைப் படித்தாலே யாருடைய பிரயாணத்தை மனத்தில் கொண்டு பாதை போட்டார்கள் என்று ஊகிக்கலாம். சமஸ்தானத்தின் தென்பகுதியிலும் அதற்கு அப்பாலும் இருந்த நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் வட்டிக்கடை வைக்கப் போன செட்டியார்கள் ஒருபுறம். கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதி ஏழை ஜனங்கள் மறுபுறம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் லேபர் கமிஷனின் தலைமை நிலையம் திருச்சியில் இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறை ஜனங்கள் கால்நடையாகவே போய், வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டி கிடைத்தது. அதை ஓர் உபகாரம் என்று சொல்வதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. துயரம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இப்படித் தொலைதூரத்துக்குப் போகும் வண்டிக்கு ஊருக்குள் என்ன வேலை? ராஜ வீதிகளின் சதுரத்தை விட்டு மேற்கே ஒதுங்கினாற்போல், தடையின்றி நேரே போகத் தோதான இடத்தில் நிலையம் அமைந்தது. பட்டணத்துக்கோ கொழும்புக்கோ போகிறவன் ஆண்டில் ஒருமுறை அல்லது இருமுறை போவான். அவனுக்கு ஊர்க் கோடியில் நிலையம் இருந்தால் குதிரை வண்டிக் கூலி கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். தினந்தோறும் போய்வருகிறவனுக்குத்தான் அந்தத் தூரம் உறைக்கும். அப்படிப்பட்டவனை அன்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதே 1929-ஆம் ஆண்டில் உலகத்தின் வேறொரு மூலையில் நடந்ததைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். ஜப்பானில் இச்சிஸோ கோபயாஷி என்பவர் ஒஸாகா நகரத்திலிருந்து புறநகருக்கு 1910-இல் ஒரு மின்சார ரயில் விட்டார். அந்தப் பாதை சென்ற வழியில் வயலும் குன்றுமே இருந்தன, பிரயாணிகள் இல்லை. அவர் என்ன செய்தார்? பாதையை ஒட்டிய நிலத்தை முன்கூட்டியே வாங்கி, மனை பிரித்து வீடு கட்டி, உத்தியோகஸ்தர்களுக்கு மாதத் தவணையில் விற்றார். வீடு வாங்கினவர்கள் பிரயாணிகள் ஆனார்கள். 1929-இல் ஒஸாகாவில் தம் ரயில் முடியும் உமேதா நிலையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றைத் திறந்தார். காலையில் வேலைக்குப் போகிறவனும் மாலையில் சாமான் வாங்குகிறவனும் அவருடைய வண்டியிலேயே ஏறினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்னிந்திய ரயில்வேயாரே இதே காலத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் பாதையை மின்சாரமயமாக்கி 1931-இல் வண்டி விட்டார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் மாம்பலத்து நெடுங்குளத்தைத் தூர்த்து, ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரில் ஒரு புதிய நகரத்தைச் சர்க்கார் நிர்மாணித்திருந்தார்கள். நகரமும் மின்சார வண்டியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்ந்தன. மாம்பலம் நிலையத்தின் படியில் இறங்குகிறவன் நேரே கால் வைக்கும் ரங்கநாதன் தெருவில் இன்று நடக்கிற வியாபாரம், எந்த நிபுணரும் வரைபடம் போட்டுக் கொடுத்ததன்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்து ஜனங்களைக் கொட்டிவிட்டுப் போவதால் தானாக உண்டானது. ஒரே கம்பெனி, ஒரே மீட்டர் அகலப் பாதை, இரண்டு வருஷ வித்தியாசம். ஓரிடத்தில் ரயில் ஊரை உண்டாக்கிற்று. மற்றோரிடத்தில் ஊரைத் தொட்டும் தொடாமல் போயிற்று.

1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதி ஆயிற்று. சொந்த ராஜாங்கம் இருந்த ஊர் இனி எந்தக் காரியத்துக்கும் திருச்சிக் கலெக்டரை நாட வேண்டிய ஊராகிவிட்டது. திருச்சியை அடுத்த பொன்மலையில், நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட ரயில்வேத் தொழிற்சாலை இருந்தது. 1960-களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் தொழிற்சாலை வந்தது. அப்போதுதான் புதுக்கோட்டை, கீரனூர்ப் பக்கத்து ஜனங்களுக்குத் தினசரி வேலைக்குப் போய்வரும் பிரயாணம் என்கிற புதிய தேவை உண்டாயிற்று. சீசன் டிக்கெட்டுக்காரர்கள் என்னும் ஜாதி இப்பாதையிலும் தோன்றிற்று. பாசஞ்சர் வண்டியில் வழக்கமான பெட்டி, வழக்கமான ஜன்னல், சீட்டுக்கட்டு, அரசியல், கல்யாணப் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் தொகை பெருகவில்லை; பெருகவும் முடியாது. ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் நிற்கும். காலையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டி எப்போதோ. பஸ்ஸோ ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று. பெல் தொழிற்சாலைக்கு உருப்படிகள் செய்து கொடுக்கும் பட்டறைகள் மாத்தூரில் பெருகியபோது அவை திருச்சி நெடுஞ்சாலையைப் பார்த்தபடியேதான் அமைந்தன. லாரி வந்து நிற்க வேண்டும், ஆள் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும். வேறு எதைப் பார்த்து அமையும்?

இதற்கிடையில் பாதையின் மூலகாரணமே கடலோடு போயிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் சில காலம் ராமேசுவரத்திலிருந்து ஓடி, இலங்கையில் கலவரம் மூண்ட பிறகு 1984-இல் அதுவும் நின்றது. கப்பலுக்காகப் போட்ட பாதையில் கப்பல் இல்லாமலே வண்டிகள் ஓடின. கொழும்புப் பிரயாணிகளின் இடத்தில் ராமேசுவர யாத்திரீகர்கள் ஏறினார்கள். உள்ளூர்க்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். நார்த்தமலை மாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழா நடக்கும் நாட்களில் கூடும் பெருங்கூட்டம்கூடச் சாலை வழியாகவே வந்து சாலை வழியாகவே திரும்புகிறது.

அகலப் பாதை மாற்றம் வந்தது. திருச்சி மார்க்கம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள்ளேயே மாறிவிட்டது. ஜில்லா போர்டின் பழைய பாதைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. காரைக்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே 2012-இல் வண்டி நின்றது. 2018-இல்தான் திரும்ப வந்தது. ஆறு ஆண்டுகள் ஓர் ஊர் ரயில் இல்லாமல் இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகள் ரயில் நேரத்தை அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுவார்கள். 2019-இல் திருவாரூர் வரை பாதை முழுமை பெற்றபோது நடந்தது இன்னும் விநோதம். லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லாமையால் வண்டியிலேயே கேட் கீப்பர்களை ஏற்றி அனுப்பினார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும். முன்னால் இருக்கிறவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்ததும் பின்னால் இருக்கிறவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தங்கள் பாட்டன்மார் வரி கட்டிப் போட்ட பாதையில் இத்தகைய வண்டியைப் பார்த்த அறந்தாங்கிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கே நடந்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது புதுக்கோட்டை மாநகராட்சி. 2024-இல் அந்தத் தகுதி கிடைத்தது. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுக்கோட்டை நிலையமும் சேர்க்கப்பட்டு, முகப்பும் காத்திருப்புக் கூடமும் புதுப்பொலிவு பெறுகின்றன. முகப்பு அழகாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் 2017-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கு இடம் பார்த்தபோது, நிலையத்திலிருந்து எட்டத்தில் உள்ள முள்ளூரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகும் இடம் அது. ஒரே ஊரில் ஒரு இலாகா நிலையத்தை அலங்கரிக்கிறது. மற்றொரு இலாகா ஜனங்கள் கூடும் இடங்களை அதிலிருந்து அப்பால் கொண்டுபோகிறது. திருச்சிக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடும் குறுந்தூர வண்டிகளை இன்றும் விரல் விட்டு எண்ணிவிடலாம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் முன்னும் பின்னுமாக நாலைந்து வண்டிகள் கூடுதலாக ஓடினால், பாதையோ நிலையமோ ஒரு செங்கல் கூட்டாமலே, கீரனூரிலும் வெள்ளனூரிலும் நிலையத்தை ஒட்டி வீடு பார்க்கிறவர்கள் உண்டாவார்கள் என்பது என் நம்பிக்கை. வீடு உண்டான பின் கடை, கடை உண்டான பின் வீதி; மாம்பலத்தில் நடந்த கிரமம் அதுதான்.

தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்குப் புதிய இருப்புப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்து வருகிறது. மனுக்கள் போகின்றன, பேச்சு எழுகிறது, அடங்குகிறது. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட அந்த மார்க்கத்தில் இன்றுவரை ரயில் இல்லை. பஸ்ஸுக்குக் குறைவும் இல்லை.